நாலு பேருக்கு ஒரு வீடு

கார் நின்று சிறிது நேரமாகிறது. யாரும் கதவைத் திறக்கவில்லை.

மழை விட்டுவிட்டது. மரங்கள் விடவில்லை. கார்க் கூரையில் ஒரு சொட்டு. பிறகு ஒன்று.

*

மேப்பிள் மரங்கள். கிளைமேல் பாசி. பாசிமேல் பெரணி. பெரணியின் நுனியில் நீர்.

மே மாதத் தொடக்கம். மேப்பிள் பூத்திருக்கிறது. பூ என்று சட்டென்று தெரிவதில்லை. மஞ்சள் கலந்த பச்சையில் சரம் சரமாகத் தொங்குகிறது.

சரங்களுக்குப் பின்னால் வீடு.

*

சிறிய வீடு. நாலு பக்கமும் சரிந்து உச்சியில் கூடும் கூரை. பட்டை உரித்த மரங்களால் ஆன சுவர். முன்னால் தாழ்வாரம்.

1907இல் கட்டியது.

இன்று இரவு எங்களுக்கு. அக்கா, அத்தான், என் பழைய தோழி, நான். நாலு பேருக்கு மேல் தங்க இடமில்லை.

அந்த எண்ணிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது. ஐந்தாவது ஆள் வந்தால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. நாலு பேர் இருக்கும்போது ஒருவர் பேசாமல் இருந்தாலும் எல்லோருக்கும் தெரிகிறது.

*

வாஷிங்டன் மாநிலம். ஒலிம்பிக் தீபகற்பத்தின் கிழக்குச் சரிவு. டக்கபுஷ் ஆறு மலைப்பனியிலிருந்து புறப்பட்டு ஹூட் கால்வாயில் சேர்கிறது. பனிப்பாறைகள் குடைந்த ஆழமான கடல்நீர்க் கால்வாய் அது. ஆறு சேரும் இடத்திலிருந்து கரையோடு சில மைல் உள்ளே வந்தால் இந்த வீடு. இன்ட்டரோரெம்.

மலைக்கு அந்தப் பக்கம், மேற்கே, ஹோ ஆற்றுக் காட்டில் ஆண்டுக்கு மூன்றரை மீட்டர் மழை பெய்கிறது. இந்தப் பக்கம் மேகம் பாதியைக் கொட்டிவிட்டு வருகிறது. மீதியே இவ்வளவு பாசி வளர்க்கப் போதுமானதாக இருக்கிறது.

*

பூட்டு. எண்களைத் திருப்புகிறேன். விரலுக்குக் குளிர்.

கதவு திறக்கிறது.

முதலில் வாசனை. பழைய மரம். அதனடியில் லேசான புகை. இன்னும் அடியில், இதற்கு முன் தங்கியவர்கள் காய்ச்சிய காப்பி. அல்லது அப்படி எனக்குத் தோன்றுகிறது.

யாரும் பேசவில்லை. நாலு பேரும் மூச்சிழுக்கிறோம்.

*

உள்ளே மேசை. நாற்காலிகள். படுக்கைகள். எரிவாயு அடுப்பு. எரிவாயு விளக்கு.

வெறுமையாக இல்லை. நிறைந்தும் இல்லை.

சொந்த வீட்டில் ஒவ்வொரு பொருளும் நம்மைப் பார்த்து ஏதோ ஒன்றை நினைவூட்டுகிறது. கட்ட வேண்டிய தொகை, தைக்க வேண்டிய பட்டன், பதில் எழுதாத கடிதம். இங்கே நாற்காலிக்கு என்னைத் தெரியாது.

உட்காருகிறேன்.

*

வெளியே வந்து சுவரைத் தொடுகிறேன்.

மரம் குளிர்ந்திருக்கிறது. ஈரமாக இல்லை.

கண்ணை அருகே கொண்டுபோகிறேன். ஒரு கணு. கணுவைச் சுற்றி நார்கள் விலகி ஓடி, அந்தப் பக்கம் மறுபடி சேர்கின்றன. அந்த இடத்தில் ஒரு கிளை இருந்தது. கிளை வெளிச்சத்தைத் தேடி நீண்ட திசை இன்னும் கணுவில் இருக்கிறது. வடக்கே பார்க்கிறது. ஆனால் மரம் நின்றபோது அது எந்தத் திசையோ.

கணுவுக்கு மேலே நீண்ட வெடிப்பு. நேராக ஓடவில்லை. மரத்தைச் சுற்றி மெதுவாகத் திரும்பிக்கொண்டே போகிறது. உயிரோடு இருந்தபோது இந்த மரம் முறுக்கிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. வெளியே நேராகத் தெரிந்திருக்கும். காய்ந்த பிறகுதான் தெரிய வந்திருக்கிறது.

வெடிப்புக்குள் ஒரு சிலந்தி. அசையவில்லை.

நானும்.

*

வசந்தத்தில் மரத்துக்குள் சாறு ஏறுகிறது. அப்போது வெட்டிய மரத்தில் பட்டை எளிதில் கழன்று வரும். நீளமாக, ஒரே வீச்சில். கோடை முடிந்தால் பட்டை மரத்தோடு இறுகிவிடுகிறது. அதற்குப் பிறகு அங்குலம் அங்குலமாகச் சீவ வேண்டும். இரண்டு கைகளாலும் பிடித்து உடம்பை நோக்கி இழுக்கும் கத்தி ஒன்று உண்டு. இழுக்கும்போது கத்தியின் வாய் நெஞ்சைப் பார்த்துதான் வருகிறது.

பட்டையை விட்டுவிட்டால் வீடு நிற்காது. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் ஈரம் தங்கும். வண்டு வரும். உள்ளே பொடியாகும்.

உரித்த மரம் காய்கிறது. காயும்போது குறுக்கே சுருங்குகிறது. நீளத்தில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. அதனால் படுக்கைவாட்டில் அடுக்கிய மரச்சுவர் ஆண்டு ஆண்டாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உட்காருகிறது. ஜன்னலுக்கு மேலே விரற்கடை இடம் விட்டுக் கட்டுவார்கள், விவரம் தெரிந்தவர்கள். சுவர் இறங்கிவந்து அமர அந்த இடம்.

இந்தச் சுவர் அமர்ந்து முடித்து நெடுநாளாயிற்று.

*

ஒரு குரல். மிகச் சிறிய பறவை. தரையோடு தரையாக, விழுந்த மரங்களுக்கு இடையில். ரென் என்பார்கள். எடை சுமார் 10 கிராம்.

அது பாடத் தொடங்கினால் முடிப்பதில்லை. ஸ்வரம் ஸ்வரமாகக் கொட்டுகிறது. மூச்சு எங்கே வாங்குகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நின்றுவிடுகிறது.

இப்போது ஆறு கேட்கிறது. இவ்வளவு நேரமும் கேட்டிருக்க வேண்டும்.

*

எமரி ஃபின்ச். இந்த வீட்டைக் கட்டிய ரேஞ்சர்.

1907. அமெரிக்க வனத்துறைக்கு அப்போது இரண்டு வயது. இந்தக் காட்டுக்கு அரசு எல்லை வரைந்து பத்து ஆண்டுகள். காட்டைக் காக்க ஆள் வேண்டும். ஆள் தங்க வீடு வேண்டும். ஒலிம்பிக் வனத்தில் வனத்துறை தனக்கென்று முதலில் போட்ட வீடுகளில் இது இருக்கிறது.

அந்நாள் ரேஞ்சர் வேலைக்குத் தேர்வு உண்டு. எழுத்துத் தேர்வு ஒன்று. களத்தில் ஒன்று. குதிரைமேல் சுமை கட்டிக் காட்ட வேண்டும். நிலம் அளக்க வேண்டும். கோடாரி பிடிக்கத் தெரிய வேண்டும். குதிரையும் சேணமும் அவரவர் செலவு.

பாதை வெட்டுவது அவர் வேலை. தீயைப் பார்ப்பது அவர் வேலை. எந்த மரத்தை வெட்டலாம் என்று குறியிடுவது. எது கூடாது என்று சொல்லிவிட்டு, சொன்ன சொல்லோடு தனியாக வீடு திரும்புவது.

மணமான புதிதில் மனைவியை இந்த வீட்டுக்குத்தான் அழைத்துவந்தார்.

*

அக்கா சமையல் பகுதியில் நிற்கிறாள். ஜன்னலைப் பார்த்து.

தண்ணீர் கொண்டுவந்துதான் ஆக வேண்டும். கேன்களை இறக்கி வரிசையாக வைத்திருக்கிறோம். அக்கா ஒன்றைச் சாய்த்துக் கெண்டியில் ஊற்றுகிறாள். ஊற்றிவிட்டு, கேனில் எவ்வளவு மீதம் என்று பார்க்கிறாள்.

“அந்தப் பொண்ணு எத்தனை தடவை ஆத்துக்குப் போயிருப்பா” என்கிறாள்.

யாரை என்று கேட்க வேண்டியதில்லை.

ரேஞ்சரின் கையெழுத்து அலுவலகக் கோப்புகளில் இருக்கும். அவளுடையது இந்தத் தரையில் இருந்திருக்கும். நடந்து நடந்து தேய்ந்த தடமாக. தரை எத்தனையோ முறை மாறியிருக்கலாம்.

அடுப்பு பற்றிக்கொள்ளும் ஓசை. நீல வளையம்.

*

அத்தான் தாழ்வாரத்தில். காதுக் கருவியைக் கழற்றுகிறார். ஒரு காது. மறு காது. ஜன்னல் விளிம்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்.

ரென் மறுபடி பாடுகிறது. அவருக்குக் கேட்காது.

மேப்பிளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தில் எதையோ கேட்கும் பாவம்.

அருகில் போய் உட்காருகிறேன். திரும்பவில்லை. கையை மட்டும் நகர்த்தி இடம் விடுகிறார்.

*

மரம் அழிவது நீரால். வேறு எதனாலும் இவ்வளவு நிச்சயமாக அழிவதில்லை.

மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வளர முடியாது. அதற்குமேல் ஏற ஏற ஆபத்து. முதலில் கட்டைகளின் வெட்டு முனைகள். பிறகு தரையைத் தொடும் அடிக்கட்டை. பிறகு மேலே பார்த்துத் திறந்த வெடிப்புகள். அவற்றில் மழை நிற்கும்.

அதனால் கூரை நீண்டிருக்க வேண்டும். சுவர் தரையைவிட்டு எழும்பியிருக்க வேண்டும். கூரையில் விழும் இலையை யாராவது தள்ள வேண்டும். கதவை யாராவது திறக்க வேண்டும். காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும். உள்ளே கொஞ்சம் சூடு வேண்டும்.

ஆள் வேண்டும்.

எத்தனையோ பழைய வீடுகளைப் பூட்டிவைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். பூட்டிய வீட்டில் கூரை ஒழுகினால் அடுத்த பருவத்தில்தான் தெரிகிறது. ஆள் படுத்திருக்கும் வீட்டில் அன்று இரவே தெரிகிறது.

இதை நான் உறுதியாக நம்புகிறேன். வாடகைக்கு விடுவது பழைய வீட்டுக்கு நல்லது. மிக நல்லது.

*

வாடகை.

2004ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பொதுநிலத்தில் இப்படி வசூலாகும் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம், வசூலான இடத்துக்கோ அந்த வட்டாரத்துக்கோ திரும்ப வேண்டும்.

இன்று இரவுக்குக் கொடுத்த பணம் என்னவாகும் என்று நினைத்துப்பார்க்கிறேன். கூரைக்கு மரச்செதில். கழிப்பறைக்கு ஆள். விளக்குக்கு எரிவாயு. ஆணி.

ஒரு ஆணி என்று வைத்துக்கொள்கிறேன். எங்கோ ஒரு பலகையில் ஒரு ஆணி.

மனம் அதில் கொஞ்ச நேரம் நிற்கிறது.

*

பிற்பகல். ஆற்றுக்கு இறங்கும் பாதை வீட்டின் பக்கத்திலேயே தொடங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட.

தோழி முன்னால் போகிறாள். அவள் நடை எனக்குத் தெரிந்த நடை. இடது கால் சற்று வெளியே விழும். முப்பது வயதில் அப்படித்தான் நடந்தாள்.

*

இருபுறமும் வாள்பெரணி. தரையெல்லாம். புதுக் குருத்துகள் சுருண்ட தலையோடு நிற்கின்றன.

டக்ளஸ் ஃபர். சிடார். நிமிர்ந்து பார்த்தால் உச்சி தெரியாத உயரம். ஆனாலும் இவை இரண்டாம் தலைமுறை. முதல் தலைமுறை இவற்றுக்கு நடுவில் இருக்கிறது.

அடிமரங்களாக.

*

ஒன்றின் முன்னால் நிற்கிறேன்.

சிடார். வெட்டி நெடுங்காலமாகியும் உளுத்துப்போகாத வைரம். மேலே பாசி. பாசியில் வேர் விட்டு ஒரு செந்நிறக் கனிச்செடி, ஹக்கிள்பெரி. அதன் இலைகள் விரல் நகத்தைவிடச் சிறியவை. வெயில் இலையின் வழியே வருகிறது.

என் தலைக்கு மேல், அடிமரத்தின் பக்கவாட்டில், ஒரு பள்ளம். கிடைமட்டமாக வெட்டியது. கை நுழையும் அளவு.

மறுபக்கம் இன்னொன்று.

மரத்தின் அடி அகன்று விரிந்திருக்கும். பிசினும் கூடுதல். அதனால் வெட்டுபவர்கள் கோடாரியால் இந்தப் பள்ளத்தைச் செதுக்கி, இரும்பு முனை போட்ட பலகையை அதில் செருகி, அதன்மேல் ஏறி நிற்பார்கள். ஒருவர் இந்தப் பக்கம். ஒருவர் அந்தப் பக்கம். நடுவில் நீண்ட வாள்.

பலகை ஆடும். அவர்கள் இழுப்பார்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் தள்ளக் கூடாது. விட்டுக்கொடுக்க வேண்டும்.

பள்ளத்துக்குள் கையை வைக்கிறேன். உள்ளே மெத்தென்று பாசி. அடியில் கோடாரியின் வெட்டுத் தளம், இன்னும் தட்டையாக.

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வருத்தம் இருக்கிறது. அதுவும் அசையாமல் இருக்கிறது.

*

பாதை சட்டென்று சரிகிறது. மண் வழுக்குகிறது. வேர்களைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறோம்.

ஆற்றின் ஒலி உயர்ந்துகொண்டே வருகிறது. ஒரு திருப்பத்தில் பேச்சு கேட்காமல் போகிறது. பேச்சை விட்டுவிடுகிறோம்.

*

ரேஞ்சர் ஹோல். பாறைகளுக்கு இடையில் ஆறு ஒடுங்கிப் பாய்ந்து ஆழமான குளமாகத் திரும்பும் இடம். வீட்டில் தங்கிய ரேஞ்சர்கள் மீன் பிடித்த இடம்.

நீர் பச்சை. மேலிருந்து பனி உருகி வருகிறது. ஒடுங்கும் இடத்தில் வெள்ளை.

வெள்ளையைப் பார்க்கிறேன். பிறகு பச்சையை. இரண்டுக்கும் நடுவில் கோடு எதுவும் இல்லை.

*

பாறைமேல் சாம்பல் நிறப் பறவை. முழங்காலை மடக்கி மடக்கி எழுகிறது. டிப்பர்.

நீருக்குள் நடந்து போய்விடுகிறது.

எண்ணவில்லை. காத்திருக்கிறேன்.

வேறு இடத்தில் வெளியே வருகிறது. அலகில் ஏதோ புழு. மறுபடி மடக்கி மடக்கி எழுகிறது.

தோழி சிரிக்கிறாள். சத்தம் கேட்கவில்லை. தோள் குலுங்குவது தெரிகிறது.

*

இந்த ஆற்றுக்கு ரேஞ்சருக்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள். ட்வானா மக்கள். ஹூட் கால்வாயின் கரையெங்கும் அவர்கள் ஊர். சிடார் பலகையால் நீண்ட வீடுகள் கட்டினார்கள். ஒரே கூரையின் கீழ் பல குடும்பம். நின்றுகொண்டிருக்கும் சிடாரிலிருந்து பட்டையை நீள்கீற்றாக உரித்துக் கூடையும் கயிறும் ஆடையும் செய்தார்கள். மரத்தைச் சாகவிடாமல் உரிக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1855 ஜனவரி. பாயின்ட் நோ பாயின்ட் என்ற முனையில் ஓர் ஒப்பந்தம். நிலம் கைமாறியது. வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த உரிமையும் ஏட்டிலேயே நெடுங்காலம் கிடந்தது. 1974இல் நீதிபதி போல்ட்டின் தீர்ப்பு வந்த பிறகுதான் மீனில் பாதி அவர்களுக்கு என்று ஆயிற்று.

பழமை வாய்ந்த வீடு என்று இதைச் சொல்கிறோம். சொல்லலாம். ஆனால் இதைவிடப் பழைய வீடுகள் இந்த ஆற்றங்கரையில் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நீர் ஓடுகிறது.

*

ஏறி வரும்போது மூச்சு வாங்குகிறது. நிற்கிறோம்.

மூச்சு தானாக அடங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

*

மாலை. தாழ்வாரத்தில் நாலு பேர்.

அக்கா தேநீரைக் கொடுக்கிறாள். கோப்பையின் சூடு உள்ளங்கைக்கு வருகிறது. பிறகு மணிக்கட்டுக்கு.

கைபேசிகளில் சிக்னல் கோடு இல்லை. முதலில் ஒருவர் மாற்றி ஒருவர் எடுத்துப் பார்த்தோம். இப்போது யாரும் எடுக்கவில்லை. எப்போது நிறுத்தினோம் என்று தெரியவில்லை.

*

1933லிருந்து 1942வரை. பொருளாதாரம் வீழ்ந்த காலம். வேலையில்லாத இளைஞர்களைக் கூட்டிக் காடுகளுக்கு அனுப்பினார்கள். நாடு முழுவதும் ஏறக்குறைய 30 லட்சம் பேர். மாதம் 30 டாலர். அதில் 25 வீட்டுக்குப் போய்விடும்.

அவர்களில் சிலர் இந்த வீட்டில் தங்கினார்கள்.

பதினெட்டு, பத்தொன்பது வயது. நகரத்துப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். இந்த இருட்டு அவர்களுக்குப் புதிது. இந்த ஆற்றோசைக்கு நடுவில் எப்படித் தூங்கினார்களோ. கையில் மிஞ்சிய ஐந்து டாலரை எங்கே வைத்துக்கொண்டார்களோ.

பிறகு தீக்காவலர்கள். பிறகு தன்னார்வலர்கள். பிறகு எங்களைப் போல வாடகைக்கு வருபவர்கள்.

தாழ்வாரத்துத் தூணில் சாய்கிறேன். முதுகுத் தண்டின் ஒரு இடத்தில் தூணின் கணு வந்து பொருந்துகிறது. வேறு எத்தனை முதுகோ.

*

மழை மறுபடி. முதலில் மேப்பிளுக்குப் பெய்கிறது. அப்புறம்தான் தரைக்கு.

கூரையில் விழும் ஓசை வேறு. காட்டில் விழும் ஓசை வேறு. நடுவில் கூரை விளிம்பிலிருந்து விழும் கம்பிகள். ஒவ்வொரு கம்பிக்கும் தரையில் ஒரு சிறு குழி. குழிகள் வரிசையாக, சுவரிலிருந்து ஒரே தூரத்தில்.

சுவர் நனையவில்லை.

கட்டியவர் இந்தத் தூரத்தை நினைத்திருக்கிறார்.

*

விளக்கு. மேண்டில் முதலில் மங்கலாகப் பற்றி, பிறகு வெண்மையாகிறது. மெல்லிய சீறல். அந்தச் சீறல்தான் இந்த அறையின் அமைதி.

சோறு. பருப்பு. வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊறுகாய். நாலு தட்டு.

மேசைக்கு மேலே எல்லோருடைய முகமும் பாதி வெளிச்சத்தில். அக்கா முகத்தில் அம்மா வந்துபோகிறாள். அக்காவிடம் சொல்லவில்லை. என் முகத்தில் யார் வருகிறார்கள் என்று அவளும் சொல்லவில்லை.

*

எதற்காகக் கூடினோம் என்று தோழி கேட்கிறாள்.

யாருக்கும் பிறந்தநாள் இல்லை. கல்யாணநாள் இல்லை. யாரும் போகவில்லை, யாரும் வரவில்லை.

அத்தான் யோசிக்கிறார். கருவி இப்போது காதில் இருக்கிறது.

“இடம் கிடைச்சுது” என்கிறார்.

உண்மைதான். இந்த ஒரு இரவுதான் காலியாக இருந்தது. அதைப் பார்த்து நாலு பேரும் சரி என்றோம்.

காரணம் இல்லாமல் கூடுவது இப்போதெல்லாம் குறைந்துவிட்டது. கூட்டம் என்றால் மண்டபம். மண்டபம் என்றால் முந்நூறு பேர். முந்நூறு பேர் என்றால் மைக். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. நாலு பேருக்கு ஏற்ற அறைகள் வேண்டும். ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு ராத்திரிக்கு வாடகை. ஒவ்வோர் ஊருக்குப் பக்கத்திலும் அப்படி ஒரு பழைய வீட்டை யாராவது இடிக்காமல் விட்டு வைக்க வேண்டும்.

*

பேச்சு நிற்கிறது.

நின்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

விளக்கின் சீறல். மழை. அக்கா தட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருக்கிறாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

இந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று மனம் கேட்கிறது. கேட்டுவிட்டுத் தானே விலகிப்போகிறது.

*

இரவு. விழிப்பு.

இருட்டு முழுமை. கண் திறந்திருக்கிறதா என்று இமையைத் தொட்டுப் பார்க்கிறேன்.

சுவருக்கு வெளியே ஏதோ நடக்கிறது. சிறியது. நிற்கிறது. மறுபடி.

சுண்டெலியாக இருக்கும். உணவையெல்லாம் மூடிய பெட்டியில் வைத்தோம். அதற்கு அது தெரியாது. தெரிந்தும் வந்திருக்கலாம்.

*

எங்கோ மரம் ஒரு முறை ஒலிக்கிறது. டக்.

வெப்பம் இறங்கும்போது மரம் இப்படிச் சத்தம் போடும். அறை ஆறுகிறது. கட்டைகள் மயிரிழை அளவு நகர்ந்து இடம் தேடுகின்றன.

நூறாண்டுக்கு மேலாகியும் இன்னும் ஒரு மயிரிழை.

*

பயம் வருகிறது. எதைப் பற்றி என்று இல்லை. நெஞ்சின் நடுவில் சிறு இறுக்கம்.

பார்த்துக்கொண்டிருக்கிறேன். இறுக்கத்துக்கு ஓரம் இருக்கிறதா என்று. ஓரத்தைத் தேடும்போது அது சற்றுப் பெரிதாகிறது. பிறகு மெலிகிறது. பிறகு அக்காவின் குறட்டை கேட்கிறது.

ஆறு கேட்கிறது.

*

காலை. ஒரே ஒரு நீண்ட ஸ்வரம். விசில் மாதிரி. ஆனால் உள்ளே நடுக்கம். இடைவெளி. வேறு சுருதியில் இன்னொன்று.

வேரீட் த்ரஷ். பறவை தெரியவில்லை. இந்தக் காட்டில் அதைப் பார்ப்பவர்களைவிடக் கேட்பவர்கள் அதிகம்.

ஸ்வரத்தைவிட இடைவெளி நீளமாக இருக்கிறது. அடுத்தது வருமா என்று காத்திருக்கும்போது கழுத்துவரை விழித்துக்கொள்கிறேன்.

*

தோழி எனக்கு முன்பே எழுந்து தாழ்வாரத்தில் இருக்கிறாள். கம்பளியின் ஒரு பாதியைத் தூக்கிப் பிடிக்கிறாள்.

உள்ளே போகிறேன். கம்பளிக்குள் அவளுடைய சூடு.

சாலமன்பெரிப் புதரில் அடர்ந்த இளஞ்சிவப்புப் பூக்கள். ஒரு ஹம்மிங்பேர்ட், செம்பழுப்பு. பூவின் முன் நிற்கிறது. இறக்கை தெரியவில்லை. முரலும் ஓசைதான் இருக்கிறது.

போய்விட்டது. பூ ஆடுகிறது.

*

புறப்பட வேண்டும்.

அத்தான் பெருக்குகிறார். மூலையிலிருந்து தொடங்கி வாசலை நோக்கி. அவசரமே இல்லை. வீட்டில் அவர் பெருக்கி நான் பார்த்ததில்லை.

நாங்கள் கொண்டுவந்த மண். இரண்டு மேப்பிள் பூக்கள். ஒரு பருக்கை. பெரணியின் ஒரு துணுக்கு.

குப்பையெல்லாம் எங்களோடு திரும்பி வருகிறது. வேறு யாரும் வந்து எடுக்கப் போவதில்லை. எடுத்துக்கட்டிய பைகள் கையில் கனக்கின்றன. ஒரு நாளுக்கு நாலு பேர் இவ்வளவு உண்டாக்குகிறோம்.

*

அக்கா எரிவாயுக் குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறாள். அடைத்தாயிற்று. மறுபடி தொட்டுப் பார்க்கிறாள்.

ஜன்னல் தாழ்ப்பாள். விளக்கு. அடுப்பு.

அவள் கை சுவரில் ஓரிடத்தில் நின்று, விலகுகிறது.

*

பூட்டு எண்களைக் கலைக்கிறேன்.

*

கீழே, ஹூட் கால்வாயில், நீர் வற்றும் நேரம். கடற்சிப்பி பொறுக்கலாம் என்கிறாள் தோழி. அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்குப் 18.

கரையில் சேறும் கூழாங்கல்லும். சிப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாக. தோழி ஒன்றை எடுத்துக் கத்தியின் முனையை மூட்டில் நுழைத்துத் திருப்புகிறாள். திறக்கிறது. சதையைப் பாத்திரத்தில் வழித்துவிட்டு ஓட்டைக் கீழே போடுகிறாள்.

ஓட்டை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. சட்டம். எடுத்த மட்டத்திலேயே கரையில் போட வேண்டும். நீரில் மிதந்து திரியும் குஞ்சுச் சிப்பிகள் பழைய ஓட்டில் ஒட்டி வளர்கின்றன.

அத்தான் ஒரு ஓட்டைக் குனிந்து எடுத்துப் பார்க்கிறார். உள்பக்கத்தில் கடுகளவு ஏதோ ஒட்டியிருக்கிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “நாலு இருக்கு… இல்ல, அஞ்சு” என்கிறார்.